என்பிஏ டிராஃப்ட்: கல்லூரியைப் பாதியில் விடுவதா, இன்னொரு வருஷம் ஆடுவதா?

#1 அரைக்கோடு

டிராஃப்ட் என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் அணிகள் வருஷாவருஷம் இளம் ஆட்டக்காரர்களை இரண்டு சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி. அதற்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள், வெளிநாட்டு இளைஞர்கள் எல்லாரையும் சேர்த்து 2021-ல் 353 பேர். 2022-ல் 283, 2023-ல் 242, 2024-ல் 195. 2025-ல் வெறும் 106.

முன்பெல்லாம் "முதல் சுற்றில் எடுப்பார்கள் என்று தெரிந்தால் கிளம்பு, இல்லையென்றால் இரு" என்பார்கள். இப்போது அந்த ஒரு வரி போதாது என்று நினைக்கிறேன். என்பிஏ ஒப்பந்த விதிகளையும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிகளையும் பின்தொடர்கிறவர்கள் விவரமாக எழுதுங்கள். பணம், தேதி, ஏஜென்ட், காம்பைன் எனப்படும் டிராஃப்டுக்கு முந்தைய சோதனை முகாம், திரும்பி வருவதற்கான வழி எல்லாம் வேண்டும். "கனவைத் துரத்து" வகை அறிவுரை வேண்டாம்.

#2 சம்பளக்கணக்கு

முதலில் 353-ஐத் தனியே வைத்துவிடுங்கள். கொரோனா காலத்தில், 2020-21 பருவத்தில் இருந்த எல்லாருக்கும் என்சிஏஏ ஒரு வருஷத் தகுதியைக் கூடுதலாகக் கொடுத்தது. நான்கு வருஷம் முடித்தவர் வழக்கமாகத் தானாகவே டிராஃப்டுக்குள் வந்துவிடுவார். அந்தக் கூடுதல் வருஷம் கையில் இருந்ததால் அவர்களும் எழுதிக் கொடுத்தே நுழைய வேண்டியதாயிற்று. அதனால்தான் அந்த வீக்கம். அப்படிப் பார்த்தாலும் 195-லிருந்து 106-க்கு இறங்கியது பெரிய சரிவு. அதற்குக் காரணம் பணம்.

2025-26 பருவத்தின் படிக்கட்டு இது. முதல் இடத்தில் எடுக்கப்பட்ட கூப்பர் ஃப்ளாக்குக்கு முதல் வருஷம் சுமார் 1.38 கோடி டாலர். முதல் சுற்றின் கடைசி, அதாவது 30-ஆவது இடத்துக்குச் சுமார் 27 லட்சம் டாலர். முதல் சுற்றில் சம்பளம் பேரம் அல்ல, அட்டவணை. அட்டவணைத் தொகையில் 80 முதல் 120 விழுக்காடு வரை கொடுக்கலாம். கிட்டத்தட்ட எல்லாருமே 120-ஐ வாங்கிவிடுகிறார்கள்.

முதல் சுற்றுக்கு வெளியே விழுந்தால் படி சட்டென்று செங்குத்தாகிறது. புதியவருக்கான குறைந்தபட்சச் சம்பளம் 12,72,870 டாலர். டூ-வே ஒப்பந்தம் என்றால் அதில் சரிபாதி, 6,36,435 டாலர். டூ-வே ஆட்டக்காரர் என்பிஏ அணிக்கும், என்பிஏ-வுக்குக் கீழுள்ள ஜி லீக்கில் ஆடும் அதன் கிளை அணிக்கும் இடையே போய் வருபவர். என்பிஏ அணியின் பட்டியலில் அவர் 50 ஆட்டங்கள் வரைதான் இருக்கலாம். ஓர் அணிக்கு அப்படி மூன்றே இடம். அதுவும் கிடைக்காமல் சாதாரண ஜி லீக் ஒப்பந்தம் என்றால் பருவத்துக்கு 40 ஆயிரம் டாலருக்குச் சற்று மேல்.

மறுபக்கத்தில் கல்லூரி. 2021 ஜூலை 1 முதல் மாணவர் தன் பெயர், உருவம், அடையாளத்தை விற்றுச் சம்பாதிக்கலாம். சுருக்கமாக என்ஐஎல். 2025 ஜூன் 6-ல் நீதிபதி கிளாடியா வில்கன், கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தார். ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே வருமானத்தில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கின்றன. 2025-26-க்கு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அமெரிக்கக் கால்பந்து பெரிதாக இருக்கும் இடங்களில் ஆண்கள் கூடைப்பந்துக்கு ஏறத்தாழ 15 விழுக்காடு ஒதுக்குவது பரவலான கணக்கு. அதுவே 30 லட்சத்தைத் தாண்டுகிறது, அணியில் 15 பேர்தான். வெளி நிறுவனங்களின் என்ஐஎல் பணம் இந்த வரம்புக்கு வெளியே. செயின்ட் ஜான்ஸ் போலப் பெரிய கால்பந்து அணி இல்லாத இடங்கள் பணத்தைக் கூடைப்பந்தின் பக்கமே திருப்ப முடியும்.

ஆகவே 40-ஆவது இடத்தில் போகக்கூடிய ஒருவர் பெரிய கல்லூரி அணியின் முதல் ஐவரில் இருந்தால், டூ-வே ஒப்பந்தத்தை விடக் கல்லூரியிலேயே அதிகம் வாங்க முடிகிறது. 106-க்கு விளக்கம் இதுதான்.

#3 ரீபவுண்ட் ராஜா

பணக் கணக்கை அண்ணன் சொல்லிவிட்டார். நான் தேதிகளை எழுதுகிறேன். 2025-ஐ உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். தேதிகள் வருஷாவருஷம் நகரும், அந்தந்த வருஷத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவம் நடக்கும்போதே, என்பிஏ-வின் மாணவர் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்டுக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். குழுவில் இருப்பவர்கள் என்பிஏ அணிகளின் நிர்வாகிகள். லாட்டரி எனப்படும் முதல் 14 இடமா, முதல் சுற்றா, இரண்டாம் சுற்றா, யாரும் எடுக்க மாட்டார்களா என்று பதில் வரும். இது வெறும் தகவல் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. இந்த மதிப்பீட்டைக் கேட்டவருக்குத்தான், டிராஃப்டைச் சோதித்துப் பார்க்கும்போது ஏஜென்ட் வைத்துக்கொள்ள என்சிஏஏ அனுமதி உண்டு. காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2018-ல் வந்த விதி.

வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் இடமாற்றப் போர்ட்டல் மார்ச் 24-ல் திறந்தது, ஏப்ரல் 22-ல் மூடியது. ஏப்ரல் 26 இரவு 11:59, அமெரிக்கக் கிழக்கு நேரம், டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி. டிராஃப்டுக்கு 60 நாள் முன் என்பது இதன் கணக்கு. மே 11 முதல் 18 வரை சிகாகோவில் காம்பைன். மே 28 என்சிஏஏ-வின் விலகல் கெடு, காம்பைன் முடிந்து பத்தாம் நாள். ஜூன் 15 என்பிஏ-வின் விலகல் கெடு. ஜூன் 25, 26 டிராஃப்ட், மொத்தம் 59 பேர்.

இதில் பலர் குழப்பிக்கொள்வது இரண்டு விலகல் கெடுக்கள். ஜூன் 10-ல் விலகினால் என்பிஏ ஏற்றுக்கொள்ளும், அடுத்த டிராஃப்டில் நுழையலாம். ஆனால் மே 28 தாண்டிவிட்டதால் கல்லூரியில் ஆடும் தகுதி போய்விடும். ஜூன் கெடு முக்கியமாக வெளிநாட்டு லீக்குகளில் ஆடும் பையன்களுக்குப் பயன்படுவது. கல்லூரி மாணவருக்கு மே கெடுதான் கெடு.

#4 பந்துபொறுக்கி

ராஜா அண்ணா, ஒரு சந்தேகம். போர்ட்டல் ஏப்ரல் 22-ல் மூடிவிடுகிறது, முடிவெடுக்க மே 28 வரை நேரம் இருக்கிறது. டிராஃப்டில் சரியாக வரவில்லை, ஆனால் பழைய கல்லூரிக்கும் திரும்ப விருப்பமில்லை என்றால்?

#5 ரீபவுண்ட் ராஜா

நல்ல கேள்வி தம்பி. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். போர்ட்டல் மூடும் முன்பே பெயர் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பெயர் போடத்தான் கெடு, புதிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அல்ல. டிராஃப்டுக்கும் போர்ட்டலுக்கும் ஒரே நேரத்தில் பெயர் கொடுப்பதில் தடையில்லை.

2025-ல் இரண்டு பேர் இதைச் சரியாகச் செய்தார்கள், முடிவு மட்டும் எதிரெதிர். யாக்செல் லெண்டிபோர்க் யூஏபி-யிலிருந்து மிச்சிகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு டிராஃப்டையும் சோதித்தார், கடைசியில் விலகி மிச்சிகனுக்கே போனார். செட்ரிக் கவர்ட் வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து டியூக்குக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தோள் காயத்தால் அந்தப் பருவத்தில் ஆடியது ஆறே ஆட்டம். காம்பைனில் காலணி இல்லாமல் 6 அடி 5 அங்குலம், கைவிரிப்பு 7 அடி 2 அங்குலம் என்று அளந்தார்கள். மதிப்பு ஏறியது. டிராஃப்டிலேயே தங்கினார், 11-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டு மெம்ஃபிஸ் என்பிஏ அணிக்குப் போனார். தொடங்கியது மூன்றாம் பிரிவுக் கல்லூரியான வில்லமெட்டில். டியூக் என்ற பாதுகாப்பு வலை கையில் இருந்ததால்தான் காம்பைனில் பதற்றமில்லாமல் நிற்க முடிந்தது என்பது என் கருத்து.

கல்லூரிப் பயிற்சியாளர் பக்கமும் யோசியுங்கள். மே 28 வரை ஓர் இடத்தையும் ஒரு தொகையையும் ஒருவருக்காகப் பிடித்து வைக்க எல்லாராலும் முடியாது. முடிவை இழுக்க இழுக்க, திரும்பி வருகிறவருக்கான தொகை குறையலாம். அதை ஏப்ரலிலேயே எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும்.

#6 நெட்டைப்பனை

காம்பைன் பற்றி. என்பிஏ-வும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, அழைப்பு வந்தும் போகாமல் இருந்தால் அந்த வருஷம் டிராஃப்ட் தகுதியே கிடையாது. மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட வேண்டும். முன்பு பெரிய பெயர்கள் மருத்துவ அறிக்கையைத் தங்களுக்குப் பிடித்த அணிக்கு மட்டும் காட்டுவார்கள். அந்த வழி இப்போது மிகவும் குறுகிவிட்டது.

அளப்பவை: காலணி இல்லாத உயரம், எடை, கைவிரிப்பு, நின்றபடி கை எட்டும் உயரம், நின்ற இடத்திலிருந்து தாவல், ஓடிவந்து தாவல், பக்கவாட்டுச் சுறுசுறுப்பு ஓட்டம், முக்கால் மைதான ஓட்டம். பிறகு பந்து எய்தல், அணிகளுடன் நேர்காணல், விருப்பமுள்ளவர்களுக்கு ஐந்துக்கு ஐந்து ஆட்டம். லாட்டரியில் போவது உறுதியானவர்கள் ஐந்துக்கு ஐந்தை ஆட மாட்டார்கள். 25 முதல் 60 வரை எங்கே விழுவோம் என்று தெரியாதவருக்கு அதுதான் வாய்ப்பு, அதுதான் ஆபத்தும்.

காம்பைனுக்கு முன் ஜி லீக் எலீட் முகாம் ஒன்று நடக்கும். அதில் நன்றாக ஆடிய சிலரைக் காம்பைனுக்கு மேலே இழுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் அழைப்பு வரவில்லை என்றால், அதையே அணிகளின் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். மே 28 வரை காத்திருக்கத் தேவையில்லை.

தயாரிப்பில் நடக்கும் தவறு ஒன்று. ஏப்ரல் முழுக்கத் தாவல் உயரத்தைக் கூட்ட உழைத்துவிட்டு, வசந்தப் பருவப் பாடங்களைக் கைவிட்டுவிடுவார்கள். பிறகு விலகி வந்தால் மதிப்பெண் போதாமல் இலையுதிர் பருவத்தில் ஆடத் தகுதியில்லை. கோடை வகுப்பில் ஈடுகட்டலாம்தான். ஆனால் புதிய கல்லூரிக்கு மாறுகிறவர் என்றால் எந்தப் பாடம் அங்கே செல்லும் என்ற சிக்கல் வேறு.

#7 கடைசிக்கணம்

எல்லாரும் முதல் வருஷச் சம்பளத்தையே பேசுகிறீர்கள். நான் மறுக்கிறேன். நன்றாக ஆடும் ஒருவருக்குப் பெரிய பணம் முதல் ஒப்பந்தத்தில் இல்லை, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது. அந்தக் கடிகாரம் என்பிஏ-வுக்குள் போன நாளிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

2025-26-ல் அணிச் சம்பள வரம்பு 15.46 கோடி டாலர். ஏழு வருஷத்துக்குக் குறைவான அனுபவம் உள்ளவருக்கு உச்சச் சம்பளம் அதில் 25 விழுக்காடு, அதாவது சுமார் 3.86 கோடி. ஏழு முதல் ஒன்பது வருஷம் என்றால் 30 விழுக்காடு. பத்து வருஷம் முடித்தால் 35. 19 வயதில் நுழைந்தவர் 29 வயதில் 35 விழுக்காட்டுக்குத் தகுதி பெறுவார், உடம்பு உச்சத்தில் இருக்கும். 22-ல் நுழைந்தவருக்கு அது 32-ல் வரும். அந்த வயதில் அணிகள் நீண்ட ஒப்பந்தம் கொடுக்கத் தயங்கும். கல்லூரியில் கூடுதலாகச் சில லட்சம் கிடைத்தது என்று ஒரு வருஷம் தங்கினால், இழப்பது இன்றைய ஒரு வருஷத்தை அல்ல, பன்னிரண்டு வருஷம் கழித்து வரவேண்டிய அந்த ஒரு வருஷத்தை.

அணிகள் வயதைப் பார்க்கும் விதமும் இருக்கிறது. 19 வயதில் இருக்கும் குறையை "வளர்ந்தால் சரியாகும்" என்பார்கள். அதே குறை 22-ல் இருந்தால் "இவர் இவ்வளவுதான்" என்பார்கள்.

#8 சம்பளக்கணக்கு

கடைசிக்கணம் சொன்னது முழுக்க உண்மை, யாருக்கு என்பதில்தான் விவாதம். 35 விழுக்காட்டுச் சம்பளம் வரை போகிறவர்கள் லீக்கில் ஒரு கைப்பிடி. லாட்டரியில் போகிறவருக்கு அந்த வாதம் முடிவானது, அவர் தங்கவே கூடாது. மற்றவருக்கு முக்கியமான கேள்வி: இரண்டாம் ஒப்பந்தம் வரை லீக்கில் நீடிப்பேனா?

முதல் சுற்று ஒப்பந்தம் நான்கு வருஷம் என்று சொல்வார்கள். உத்தரவாதம் முதல் இரண்டுக்குத்தான். மூன்றும் நான்கும் அணியின் விருப்பம். மூன்றாம் வருஷத்தை எடுப்பதா வேண்டாமா என்று அணி அறிவிக்க வேண்டியது, முதல் பருவம் முடிந்து வரும் அக்டோபர் 31-க்குள். அதாவது ஆட்டக்காரர் ஒரே ஒரு பருவம் ஆடிய நிலையில் தீர்ப்பு எழுதப்படுகிறது. உடம்பு தேறாத 19 வயதுப் பையன் அந்த ஒரு பருவத்தை ஜி லீக்கிலேயே கழித்தால் என்ன தீர்ப்பு வரும் என்று யோசியுங்கள். தயாராகாமல் போவதன் உண்மையான விலை இது.

#9 அரைக்கோடு

திரும்பி வந்து ஏறியவர், இறங்கியவர் என்று உண்மை உதாரணங்கள் வேண்டும்.

#10 நெட்டைப்பனை

ஏறியவர்கள்: ஓபி டாப்பின் 2019-ல் சோதித்து விலகி டேட்டனுக்குத் திரும்பினார். 2020-ல் 8-ஆவது இடம், நியூயார்க். ஜாக் ஈடி 2023-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதுகளை வாங்கிய கையோடு டிராஃப்டைச் சோதித்தார், கெடு நாளன்று விலகிப் பர்டூவுக்குத் திரும்பினார். 2024-ல் அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார், 9-ஆவது இடத்தில் மெம்ஃபிஸ் எடுத்தது. முதல் வருஷம் சுமார் 57 லட்சம் டாலர்.

இறங்கியவர்கள்: ஐவன் ராப் 2016-ல் கலிஃபோர்னியாவில் முதல் வருஷம் முடித்தபோது லாட்டரிப் பக்கம் பேசப்பட்டவர். தங்கினார். 2017-ல் 35-ஆவது இடம். கெவின் மெக்கல்லர் 2023-ல் விலகிக் கான்சஸுக்குத் திரும்பினார், புள்ளிச் சராசரி 18-ஐத் தாண்டியது. ஆனால் முழங்கால் காயம் பருவத்தின் முடிவைத் தின்றுவிட்டது, 2024-ல் 56-ஆவது இடம். ஆஸ்கார் ஷீப்வே 2022-ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர், கென்டக்கிக்குத் திரும்பினார், 2023-ல் யாருமே எடுக்கவில்லை. இண்டியானாவில் டூ-வே.

நான் இதில் பார்ப்பது: திரும்பி வருவதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் இருந்தவர்கள் ஏறினார்கள். ஈடி பற்றிய சந்தேகம் 7 அடி 4 அங்குல உடம்பை வைத்துக்கொண்டு வேகமான ஆட்டத்தில் மைதானம் முழுக்க ஓட முடியுமா என்பது. அதற்குத் திரும்பி வந்த வருஷத்தில் மைதானத்திலேயே பதில் சொன்னார். எந்தக் குறையைச் சரிசெய்யப் போகிறோம் என்று தெரியாமல், புள்ளிகளை இன்னும் கூட்டலாம் என்று வந்தால் ஆட்டக்காரர்களை எடைபோடும் அணி ஸ்கவுட்டுகளுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. குறைகளைத் தோண்ட இன்னும் முப்பது ஆட்டம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் அணிகளிடம் "எந்த இடத்தில் எடுப்பீர்கள்" என்று மட்டும் கேட்டுத் திரும்பக் கூடாது. "இன்றைக்கு என்னை எடுக்காமல் விட்டால் காரணம் என்ன? அடுத்த பருவத்தில் எதைக் காட்டினால் முடிவு மாறும்?" என்று கேட்க வேண்டும். ஐந்து அணிகளில் நான்கு ஒரே குறையைச் சொன்னால், அது ஒரு வருஷத்தில் சரியாகக்கூடியதா என்று பார்க்கலாம். மூலையிலிருந்து மூன்று புள்ளி எய்தல் சரியாகும். கைவிரிப்பு நீளாது.

#11 ரீபவுண்ட் ராஜா

ஷீப்வே விஷயத்தில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, விசா. காங்கோவிலிருந்து வந்தவர், எஃப்-1 மாணவர் விசா. அந்த விசாவில் அமெரிக்க மண்ணில் வேலை செய்து சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு. 2022-ல் கென்டக்கி அணி பஹாமாஸ் போனபோது என்ஐஎல் வேலைகளை அங்கே வைத்துச் செய்தார். வெளிநாட்டு மாணவருக்கு "கல்லூரியில் இவ்வளவு கிடைக்கும்" என்று யாராவது சொன்னால், அது எந்த வகைப் பணம், விசாவுக்கு ஒத்துவருமா என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. விசா பறிபோனால் படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே போகும்.

#12 பந்துபொறுக்கி

இந்திய வம்சாவளியில் யாராவது இப்படி முன்கூட்டியே போனார்களா?

#13 கடைசிக்கணம்

சிம் புல்லர். கனடாவில் பிறந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பிள்ளை, 7 அடி 5 அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இரண்டு பருவம் ஆடிவிட்டு 2014-ல் கிளம்பினார். டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. சாக்ரமென்டோவின் கிளை அணியான ரீனோவில் ஆடி, 2015 ஏப்ரலில் பத்து நாள் ஒப்பந்தம் பெற்று மூன்று என்பிஏ ஆட்டங்களில் இறங்கினார். இந்திய வம்சாவளியில் முதல்வர் அவர்தான். சத்னாம் சிங் கல்லூரிக்கே போகவில்லை, ஃப்ளோரிடாவின் ஐஎம்ஜி அகாடமியிலிருந்து 2015-ல் 52-ஆவது இடத்தில் டாலஸ் எடுத்தது. என்பிஏ பருவ ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை.

#14 சம்பளக்கணக்கு

எடுக்கப்படாமல் போவது பற்றி. இரண்டாம் சுற்றின் கடைசிப் பகுதியில் எடுக்கப்படுவதை விட எடுக்கப்படாமல் இருப்பது சில நேரம் நல்லது. உரிமை எடுத்த அணியின் கைக்குப் போய்விடும், அந்த அணி தரும் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும். எடுக்கப்படாதவர் முப்பது அணிகளில் தனக்கு இடமிருக்கும் அணியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆஸ்டின் ரீவ்ஸ் 2021-ல் டெட்ராய்ட்டின் 42-ஆவது இடத்தை வேண்டாம் என்று சொல்லி லேக்கர்ஸின் டூ-வேயை எடுத்தார். 2023-ல் அதே அணியோடு நான்கு வருஷத்துக்குச் சுமார் 5.4 கோடி டாலர்.

ஆனால் இதற்கு ஏஜென்ட் முன்பே வேலை செய்திருக்க வேண்டும். டிராஃப்ட் முடிந்த சில நிமிடங்களில் தொலைபேசிகள் அலறும். டூ-வே இடங்கள் அன்றிரவே பெரும்பாலும் நிரம்பிவிடும். அதற்குக் கீழே எக்ஸிபிட் 10 என்ற ஒப்பந்தம். பயிற்சி முகாமுக்கு அழைத்து, கழற்றிவிட்டு, கிளை ஜி லீக் அணியில் 60 நாள் இருந்தால் ஊக்கத்தொகை தருவார்கள். அதன் உச்சம் 2025-26-ல் 85,300 டாலர். அதையும் ஜி லீக் சம்பளத்தையும் கூட்டினாலும் ஒன்றரை லட்சத்தைத் தொடாது. "எப்படியும் எக்ஸிபிட் 10 வாங்கித் தருகிறேன்" என்று ஏஜென்ட் சொன்னால், அதன் பொருள் இதுதான் என்று பெற்றோருக்குத் தெரிய வேண்டும்.

#15 ரீபவுண்ட் ராஜா

ஏஜென்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என்பிஏ ஆட்டக்காரர் சங்கத்தின் சான்று மட்டும் போதாது. திரும்பி வரும் வாய்ப்பை வைத்துக்கொள்ள வேண்டுமானால் என்சிஏஏ-வும் சான்றளித்தவராக இருக்க வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், விலகும்போது அது முடிந்துவிட வேண்டும். சாப்பாடு, பயணம், தங்கும் செலவு என்று விதி சொல்வதைத் தவிர வேறு பணம் வாங்கக் கூடாது.

என்ஐஎல் ஏஜென்ட் வேறு ஆள், வேறு ஒப்பந்தம். சங்க விதிப்படி என்பிஏ சம்பளத்தில் ஏஜென்ட் பங்கு 4 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. என்ஐஎல்-லில் அப்படி ஒரே வரம்பு கிடையாது, 10 விழுக்காடும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டிய வரிகள்: கல்லூரிக் காலத்துக்குப் பிறகும் விளம்பர உரிமை அவர்களிடமே இருக்கிறதா? பல்கலைக்கழக வருவாய்ப் பங்கு ஒப்பந்தத்தில் இடையில் விலகினால் திருப்பிக் கட்டும் தொகை உண்டா? அந்தத் தொகை வேறு கல்லூரிக்கு மாறினால் மட்டுமா, டிராஃப்டுக்குப் போனாலுமா? 600 டாலருக்கு மேற்பட்ட வெளி ஒப்பந்தங்களை என்ஐஎல் கோ என்ற சரிபார்ப்பு அமைப்பில் பதிய வேண்டும், அங்கே தடைபட்டால் சொன்ன பணம் வராது.

வரியையும் மறக்கக் கூடாது. என்ஐஎல் பணத்தில் யாரும் வரி பிடித்துத் தருவதில்லை, சுயதொழில் வருமானம். 15.3 விழுக்காடு சுயதொழில் வரி, அதன்மேல் வருமான வரி, காலாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். ஏப்ரலில் மொத்தமாக வந்து நிற்கும் பில்லைக் கட்டுவதற்காகவே தயாராகாமல் டிராஃப்டுக்குப் போகும் நிலை ஒரு மாணவருக்கு வரக் கூடாது.

#16 வளைவுக்கோடு

பெண்கள் பக்கத்தை யாரும் தொடவில்லையே. டபிள்யூஎன்பிஏ-வில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர் டிராஃப்டுக்கு வர, அந்த வருஷத்துக்குள் 22 வயது நிரம்ப வேண்டும் அல்லது பட்டம் முடித்திருக்க வேண்டும். ஒரு வருஷம் ஆடிவிட்டுக் கிளம்பும் வழியே இல்லை. 2025-ல் முதல் இடத்தில் போன பெய்ஜ் பெக்கர்ஸுக்கு முதல் வருஷ அடிப்படைச் சம்பளம் 78,831 டாலர். அதே டிராஃப்டில் இரண்டாவது இடத்தில் போவார் என்று பரவலாகப் பேசப்பட்ட ஒலிவியா மைல்ஸ் டிராஃப்டுக்கே வராமல் நோட்ர டேமிலிருந்து டிசியூ-வுக்கு மாறினார். அந்தச் சம்பளத்துக்கு எதிரே கல்லூரியில் இன்னொரு வருஷம் என்று வைத்துப் பார்த்தால், அது தயக்கமில்லாத கணக்கு.

#17 பந்துபொறுக்கி

ஒருமுறை போனவர் கல்லூரிக்குத் திரும்பவே முடியாதா? அண்மையில் யாரோ திரும்பினார்கள் என்று படித்தேன்.

#18 நெட்டைப்பனை

இரண்டு பேர் கதையைக் கலக்கக் கூடாது. ஜேம்ஸ் நாஜி 2023-ல் 31-ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர், ஐரோப்பாவில் ஆடினார், என்பிஏ ஒப்பந்தம் போடவில்லை, அமெரிக்கக் கல்லூரியில் முன்பு ஆடியதும் இல்லை. 2025 டிசம்பரில் பேய்லரில் சேர என்சிஏஏ அனுமதித்தது. சார்ல்ஸ் பெடியாக்கோ வேறு. அலபாமாவில் இரண்டு பருவம் ஆடி, 2023-ல் டிராஃப்டில் தங்கி, யாரும் எடுக்காமல், சான் அன்டோனியோவோடு டூ-வே ஒப்பந்தம் போட்டவர். 2026 ஜனவரியில் நீதிமன்ற இடைக்கால உத்தரவோடு அலபாமாவுக்குத் திரும்பிச் சில ஆட்டங்கள் ஆடினார், பிப்ரவரியில் நீதிமன்றம் மேற்கொண்டு பாதுகாப்பு தர மறுத்தது. என்பிஏ ஒப்பந்தம், டூ-வே உட்பட, போட்டவருக்கு அனுமதி இல்லை என்பது என்சிஏஏ-வின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. நீதிமன்றத்தை நம்பி மே 28-ஐத் தாண்டவிடுவது 20 வயது மாணவருக்கு யாரும் சொல்லக்கூடாத யோசனை.

#19 அரைக்கோடு

கடைசியாக ஒன்று. படிப்பு? போனவர் பிறகு வந்து பட்டம் முடிக்க நினைத்தால் உதவித்தொகை இருக்கிறதா?

#20 ரீபவுண்ட் ராஜா

இருக்கிறது, நிபந்தனையோடு. 2018 சீர்திருத்தத்தில் முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கு வந்த கடமை இது. உதவித்தொகையில் ஆடிய கூடைப்பந்து மாணவர் குறைந்தது இரண்டு வருஷம் அங்கே முடித்திருக்க வேண்டும், போன பத்து வருஷத்துக்குள் திரும்பி வர வேண்டும், வேறு நிதி வழிகள் தீர்ந்திருக்க வேண்டும். அப்படியென்றால் கல்விக் கட்டணமும் புத்தகச் செலவும் அந்தக் கல்லூரி பொறுப்பு. ஒரே வருஷத்தில் கிளம்புகிறவருக்கு இந்தக் கடமை பொருந்தாது. அவர் தன் கல்லூரியிடம் தனியாக எழுதி வாங்க வேண்டும், அதுவும் கிளம்பும் முன். வருஷத்துக்கு ஒரு கல்லூரி என்று மாறியவர்களுக்கும் இதே எச்சரிக்கை: எந்தக் கல்லூரியிலும் இரண்டு வருஷம் முடிக்காமல் மூன்று கல்லூரிகளில் ஆடியிருந்தால், எந்தக் கல்லூரியின் மீதும் அந்தக் கடமை விழாமல் போகலாம். போர்ட்டலில் பெயர் போடும் முன்பே கல்லூரியின் விதி இணக்க அலுவலகத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.